சூடு கட்டிலுக்குப் போன தட்டு வரிசை

"மாட்ட வித்துடலாம்னு இருக்கேன்டா" என்றாள் அக்கா.

போனில்தான். நான் அப்போது அதியமான்கோட்டைக் கடையில் ஒரு பைக்குக்கு சீட் கவர் மாட்டிக்கொண்டிருந்தேன். இழுத்துப் பிடித்த ரெக்சின் கையை விட்டு நழுவி, சுருண்டு போய்விட்டது.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிற உங்களுக்கு என்னைத் தெரியும். பள்ளிக்கூடத்தை எட்டாவதோடு விட்டவன் நான். கவலைப்படுவதை மட்டும் விடவே இல்லை. போன் அடித்தாலே யாருக்கு என்ன ஆயிற்றோ என்றுதான் எடுப்பேன். அப்படிப்பட்டவனிடம், மாடு விற்கப் போகிறேன் என்று சொன்னால்?

ஏதோ ஒரு மாடு இல்லை. செவலை. மாமா இறந்த பிறகு அக்கா வீட்டில் அடுப்பு எரிவதே செவலையின் தயவில்தான். காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால். மிச்சத்தில் கொஞ்சம் தயிர், கொஞ்சம் நெய். ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு ஒரு மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டாள் மாதம்மாக்கா.

"எதுக்குக்கா விக்கற? உடம்புக்கு முடியலையா?"

"கட்டில் வாங்கணும்டா."

"கட்டிலா? கட்டிலுக்கு மாட்டையா விப்பாங்க?"

"சாதாக் கட்டில் இல்லடா. சூடு கட்டில். முட்டி வலிக்கு நல்லதாம். தரகர் வந்து செவலையப் பல்லப் புடிச்சுப் பாத்துட்டுப் போயிட்டாரு. வர்ற சந்தைக்கு ஓட்டிட்டுப் போலாம்னார்."

போனை வைத்தேன். பைக்குக்காரர், "என்னண்ணே, முகம் இப்படி ஆயிடுச்சு?" என்றார். சாயங்காலம் வாருங்கள் என்று சொல்லிவிட்டு அக்கா ஊரான நல்லம்பள்ளிக்கு பஸ் ஏறிவிட்டேன்.

சூடு கட்டிலை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு ஊரிலும் ஒரு மாடியில் வந்து உட்கார்ந்திருக்கிறது. மேலே ரெக்சின் மெத்தை. உள்ளே சூடான கல் உருளைகள், கழுத்திலிருந்து இடுப்பு வரை முதுகெலும்பை ஒட்டியே மெதுவாக ஓடும். படுக்க ஒரு காசு வேண்டாம். 'வாங்கச் சொல்ல மாட்டோம், வந்து படுங்க, போதும்' என்று நோட்டீஸ். கம்பெனி பெயர் எதற்கு? பெயரில் என்ன இருக்கிறது... கட்டில் ஒன்றுதான்.

சும்மா கிடைப்பதை நம் ஜனம் எப்படி வைத்துக்கொள்ளும் என்று அந்தக் கம்பெனிக்குத் தெரிந்திருக்காது. அக்கா தினம் போகிற அந்த மாடிப்படி ஏறி உள்ளே நுழைகிறேன். அவளும் ஒரு கட்டிலில் கிடக்கிறாள். பஸ் ஜன்னல் வழியாக சீட்டுக்குத் துண்டு போடுவோமே, அதே மாதிரி வாசலில் நின்றபடியே கட்டில் மேல் துண்டைத் தூக்கிப் போடுகிறார்கள். வத்தல்மலையிலிருந்து காலை பஸ்ஸில் இறங்கி வந்த ஒரு குடும்பம் மூலையில் சோற்று டப்பாவைத் திறந்து வைத்திருக்கிறது. இரண்டு பெண்கள் அவரைக்காய் நார் உரிக்கிறார்கள். முறை வரும் வரைக்கும் கை சும்மா இருக்கக் கூடாதாம்.

"வாங்க மாமா" என்று ஒரு குரல்.

திரும்பினேன். இன் பண்ணிய சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, முப்பது வயதுக்குள். முன்பின் பார்த்ததில்லை.

"மாதம்மா அம்மாவோட தம்பிதானே? அம்மாவுக்குத் தம்பின்னா எனக்கு மாமாங்க. என் பேரு பிரவீன். படுங்க மாமா."

அக்காவைத் தடுத்து நிறுத்த வந்தவன் நான். அடுத்த நிமிடம் கட்டிலில் கிடந்தேன். இது எப்படி நடந்தது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

படுத்ததும் வழக்கம்போல ஆரம்பித்துவிட்டது. கரண்ட் அடித்தால்? உருளை கழுத்தில் மாட்டிக்கொண்டால்? சூடு நிற்காமல் ஏறிக்கொண்டே போனால்? பக்கத்துக் கட்டிலில் கிடந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"கரண்ட் அடிக்குமான்னு பாக்கறீங்களா? அடிக்கறதா இருந்தா எனக்குத்தான் மொதல்ல அடிச்சிருக்கணும். தெனம் வரேன். கண்ண மூடுங்க."

அவர் நூருல்லா பாய். தருமபுரியில் ஜவுளிக் கடை. இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். பாய்க்கு இடுப்பு வலி.

கண்ணை மூடினேன். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் சுகம் என்றால் சுகம். குனிந்து குனிந்து சீட் தைத்த முதுகு. யாரோ அதன் மேல் இட்லித் துணியைப் பிழிந்து ஒத்தடம் கொடுக்கிற மாதிரி இருந்தது. எழுந்தபோது என் மனதில் வந்த முதல் கேள்வி — நமக்கும் ஒன்று வாங்கலாமா?

பாருங்கள். காவல்காரன் கதி இது.

மாடியிலிருந்து இறங்கி, அக்காவையும் பாயையும் கூட்டிக்கொண்டு கீழே டீக்கடையில் உட்கார்ந்தேன்.

"உண்மையச் சொல்லுக்கா. வலி கொறைஞ்சுதா?"

அக்கா டீயை ஆற்றினாள். "படுத்திருக்கறப்ப நல்லா இருக்கு. எழுந்து போயி செவலைக்குத் தண்ணி காட்டக் குனிஞ்சா பழையபடிதான்."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"கவருமெண்ட் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவக் கேட்டேன். சூடு பட்டா செத்த நேரம் சுகமா இருக்கும், தேஞ்ச மூட்டு அதுல வளராதும்மான்னு சொல்லிட்டாங்க. கால நீட்டி மடக்கற மாதிரி ஒரு பயிற்சி சொல்லிக் குடுத்தாங்க. ஒடம்ப எளைக்கச் சொன்னாங்க."

"பயிற்சி செய்யறியா?"

"அதச் செஞ்சா கொஞ்சம் பரவால்ல."

எனக்குத் தலை சுற்றியது. வலி போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போகவில்லை என்று இவளே சொல்கிறாள். பிறகு எதற்கு மாட்டை விற்க வேண்டும்?

"அப்புறம் ஏன்க்கா வாங்கணும்கற?"

அக்கா டீ டம்ளரைக் கீழே வைத்தாள். ரோட்டைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"நம்ம பாப்பாவுக்கு வளைகாப்பு வெச்சமில்ல... அதுக்கு அந்தப் பையன் வந்தான்டா. வளையல் தட்டோட. நம்ம சொந்தத்துலயே பாதிப் பேர் வரல. இவன் வந்து பந்தியில எலை எடுத்துட்டு நின்னான். தெனம் கையப் புடிச்சு மாடிப்படி ஏத்தி விடறான். இத்தன நாளு ஓசியில படுத்து எந்திரிச்சிட்டு, வேணாம்னு எந்த மூஞ்சிய வெச்சிட்டுச் சொல்றது? சனிக்கெழம கட்டிலுக்குப் பேர் குடுக்கச் சொல்லியிருக்கான். சரிப்பான்னு தலைய ஆட்டிட்டேன்."

அப்படியா சங்கதி. முட்டி வலிக்காக இல்லை. முகத்துக்காக.

பாய் சிரித்தார். "மாதம்மா, ஜவுளிக் கடையில நான் இதத்தான் செஞ்சேன். கல்யாணக் கோஷ்டி உள்ள வந்ததும் மொதல்ல கலர் சோடா ஒடச்சுக் குடுத்துடுவேன். சின்னக் கொழந்தைக்கு பிஸ்கட்டு. பொடவைய அப்புறம்தான் விரிப்பேன். கலர் குடிச்சவங்க வெறுங்கையோட எறங்கிப் போக மாட்டாங்க. கூச்சம் விடாது. எல்லாம் தெரிஞ்சவன் நானு... நானே சனிக்கெழம பேர் குடுக்கறதா ஒத்துக்கிட்டேன்."

"நீங்களுமா பாய்?"

"எங்க பள்ளிவாசல் கந்தூரி விருந்துக்கு வந்து தண்ணி ஊத்தினாம்ப்பா அந்தப் பையன்."

மேலே படுத்திருக்கிற அத்தனை பேரிடமும் இப்படி ஒரு கதை இருந்தது. ஒருத்தரின் பேரனுக்கு அவன் பென்சில் டப்பா வாங்கிக் கொடுத்தான். இன்னொருத்தரை மழையில் தன் பைக்கில் வீட்டில் கொண்டுபோய் விட்டான். யாருக்கும் கட்டில் வேண்டாம். யாருக்கும் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்து என் மனைவி செல்வியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டாள்.

"ஏங்க, அக்காவக் காவல் காக்கப் போனவரு கட்டில்ல படுத்துட்டு வந்தீங்களா?"

"ஒரு தடவதான்."

அவள் எழுந்து போய் அலமாரியைத் திறந்தாள். ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தாள்.

"இந்த இடுப்பு பெல்ட்டு யாருக்காக வாங்குனது?"

"என் சித்தப்பா மகன் கம்பெனியில சேந்திருந்தான். மொத வியாபாரம்னான்."

"இந்தச் சத்து மாவு டப்பா?"

"அது உன் தோழி..."

"அது என் கணக்கு, சரி. இந்தச் செம்பு பாட்டிலு?"

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெரியவர். வழியெல்லாம் தன் பேத்தி கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். இறங்கும்போது பையைத் திறந்தார். எப்படி வேண்டாம் என்பது?

அந்த அலமாரியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். டிவி விளம்பரத்தைப் பார்த்து வாங்குகிறோம், டாக்டர் சொல்லி வாங்குகிறோம், பக்கத்து வீட்டைப் பார்த்து வாங்குகிறோம் என்றெல்லாம் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் என் அலமாரியில் நோய்க்காக வாங்கிய பொருள் ஒன்றுகூட இல்லை. எல்லாமே ஆளுக்காக வாங்கியது. உங்கள் அலமாரியையும் ஒரு தடவை திறந்து பாருங்களேன்.

விற்கிறவன் கெட்டவன் என்றால் ஒரே வார்த்தையில் விரட்டிவிடலாம். நல்லவனாக இருந்து தொலைத்தால்தான் கஷ்டம்.

மறுநாள் முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை. செவலை சந்தைக்குப் போகிற காட்சிதான் கண்ணில். கயிற்றை வேறு யாரோ பிடித்திருக்கிறார்கள், அது திரும்பிப் பார்க்கிறது... அக்கா வெறும் கொட்டகையில் நிற்கிறாள். வீட்டுக்குள் கட்டில் மட்டும் சூடாக இருக்கிறது.

அந்தக் கவலைக்கு நடுவில் இன்னொரு கவலை வந்தது. சம்பந்தமே இல்லாத கவலை. எனக்கு எப்போதும் உண்டு — நம் வீட்டு விசேஷத்துக்குத் தட்டு வைத்தவர்களுக்கு நாம் திருப்பி வைத்தோமா? விட்டுவிட்டோமா? யாராவது மனத்தாங்கலாக இருக்கிறார்களா? ஒவ்வொரு விசேஷம் முடிந்ததும் இதே யோசனையில் செல்வியின் உயிரை வாங்குவேன்.

அந்தப் பழக்கத்தில் அக்காவுக்கு போன் போட்டேன்.

"அக்கா, அந்தப் பிரவீன் வளையல் தட்டு கொண்டு வந்தான்னியே... நாம திருப்பி ஒண்ணும் செய்யலையே. தப்பா நெனச்சுக்க மாட்டானா?"

"அதுக்குத்தான்டா கட்டிலு."

"கட்டில் எப்படிக்கா திருப்பிச் செய்யறதாகும்? தட்டுக்குத் தட்டுதான? அவன் வூட்டுல எதாவது விசேஷம் வந்தா நாமளும் போகணும், அதான மொறை?"

"மொறை..." என்று அவளே ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

"டேய்..." என்றாள் அக்கா. குரலே மாறியிருந்தது. "அவனுக்குக் கொழந்த பொறந்திருக்குடா. அன்னிக்கு எல்லாருக்கும் லட்டு குடுத்தான். பொண்டாட்டி நாமக்கல்லுல அம்மா வூட்டுல இருக்கறாளாம்."

"அப்ப கொழந்த பாக்கப் போகணுமே நாம."

"போவம்டா. அதான மொறை? நாமக்கல்லு வேணாம், மாடிக்கே எல்லாரும் போவம்."

பிறகு நடந்த எதையும் நான் செய்யவில்லை. அக்கா செய்தாள். கட்டிலுக்கு முறை காத்துக்கொண்டிருந்த பெண்களிடம் ஒவ்வொருத்தராகச் சொன்னாள். பாய் ஆண்களிடம் சொன்னார். தரகரிடம் போய், "மாடு இப்பக் குடுக்கறதா இல்லீங்க" என்றாள். அவர், "பல்லெல்லாம் பாத்தாச்சே" என்று இழுத்திருக்கிறார். "பல்லு செவலைக்குத்தானே இருக்குது, அங்கயே இருக்கட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

சனிக்கிழமை வந்தது. காலையிலிருந்து ஒரு சீட் கவர்கூட நேராகத் தைக்கவில்லை நான். அவன் கோபப்பட்டால்? அழுதால்? மேலிடத்திலிருந்து யாராவது வந்து நின்றால்? அக்கா கடைசி நேரத்தில் முகத்தைப் பார்த்து, சரிப்பா என்று மறுபடி தலையாட்டிவிட்டால்? எல்லாவற்றையும்விட அதுதான் பெரிய பயம்.

நல்லம்பள்ளியில் பஸ்ஸை விட்டு இறங்கினால், மாடிப்படிக்குக் கீழே ஒரு கல்யாண ஊர்வலம் மாதிரி நிற்கிறார்கள். பட்டுப்புடவை, மல்லிகைப்பூ. ஒவ்வொரு கையிலும் எவர்சில்வர் தட்டு. வாழைப்பழம், தேங்காய், வெற்றிலை, கருப்பட்டி. ஒரு தட்டில் நாட்டுக்கோழி முட்டை அடுக்கியிருந்தது. இன்னொன்றில் பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டு. வத்தல்மலைக்காரர்கள் ஒரு பை நிறையச் சாமை கொண்டு வந்திருந்தார்கள். பாய் தன் கடையிலிருந்து குழந்தைக்கு மெல்லிய பருத்தித் துணி, ஒரு டப்பா பேரீச்சம்பழம்.

முன்னால் மாதம்மாக்கா. அவள் தட்டில் ஒரு பெரிய பாட்டில் நெய். செவலை நெய்.

"ஏறலாமா?" என்றாள்.

ஏறினார்கள். அத்தனை பேருக்கும் முட்டி வலி. அதற்காகத்தான் இத்தனை நாளாக அங்கே வருகிறார்கள். தினம் பிரவீன் கையைப் பிடித்து ஏற்றிவிட்ட படி அது. அன்றைக்குக் கை நிறையத் தட்டு இருந்ததால் யாரும் யார் கையையும் பிடிக்க முடியவில்லை. சுவரில் தோளை ஒட்டிக்கொண்டு, "ஐயோ ஆத்தா" என்று முனகிக்கொண்டு, ஒருத்தரை ஒருத்தர் கிண்டல் செய்துகொண்டு ஏறினார்கள்.

"மெதுவா ஏறுடி, தேங்கா உருண்டா கீழ வர்ற பாய் மண்ட ஒடையும்."

"என் மண்டைய வுடுங்க, முட்டைய மொதல்ல பாருங்க" என்றார் பாய்.

மேலே பிரவீன் மேஜை போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தான். இன்றைக்குப் பெயர் கொடுப்பவர்களுக்குச் சலுகை என்று பலகையில் எழுதியிருந்தது. கூட்டத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்து எழுந்தான். தட்டுகளைப் பார்த்தான். குழம்பிப் போனான்.

"என்னம்மா இதெல்லாம்?"

"உனக்குப் புள்ள பொறந்திருக்குதுல்ல. சும்மா இருக்க முடியுமா? எங்க வூட்டுக்கு நீ தட்டு கொண்டாந்த. நாங்களும் வரணும்ல. புடி."

அக்கா நீட்டினாள். அவன் இரண்டு கையாலும் வாங்கினான். அடுத்தவர் நீட்டினார். வாங்கி மேஜையில் வைத்தான். மேஜை நிறைந்தது. கட்டில்கள் மேல் வைத்தான். ஒவ்வொரு கட்டிலாகத் தட்டு ஏறியது. அந்த மாடியில் முதல் தடவையாக ஒரு ஆள்கூடப் படுக்கவில்லை. தேங்காயும் பழமும்தான் படுத்திருந்தன.

"இந்த நெய்யப் புள்ள பெத்தவளுக்கு அனுப்பிவுடு. தெனம் ஒரு கரண்டி சோத்துல ஊத்திச் சாப்புடணும்னு சொல்லு. எங்க செவலை நெய்யி."

அவன் கண் கலங்கிவிட்டது. நடிப்பில்லை, எனக்குத் தெரியும். நெய் பாட்டில் மூடியை ஒரு தடவை அழுத்திப் பார்த்தான். பிறகு பாவம், வேலையும் இருக்கிறதே... மெல்லக் கேட்டான்.

"அம்மா... அப்ப பெட்டு?"

இதுதான் நேரம். அக்காவின் முகத்தையே பார்த்தேன்.

"பெட்டு வேணாம்ப்பா" என்றாள்.

அவ்வளவுதான். பந்தியில் இரண்டாம் தடவை சோறு வைக்க வந்தவரிடம் கையால் இலையை மறைத்து, போதும் என்போமே, அதே குரல். சங்கடம் இல்லை, தடுமாற்றம் இல்லை. இத்தனை நாள் அவளுக்குத் தொண்டையில் நின்ற வார்த்தை, தட்டு கை மாறியதும் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது.

"எனக்கும் வேணாம் தம்பி" என்றார் பாய்.

"எங்களுக்கும் வேணாங்க." வத்தல்மலை.

"எனக்கும் வேணாம் கண்ணு. தப்பா எடுத்துக்காத."

மாடி முழுக்க வேண்டாம் வேண்டாம் என்று கேட்டது. எல்லோரும் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். ஒரு ரிட்டயர்டு வாத்தியார் மட்டும், எனக்கு நிஜமாகவே வேண்டும், மகன் வாங்கித் தருகிறேன் என்றான் என்று பெயர் கொடுத்தார். கொடுக்கட்டும். வேண்டும் என்று நினைத்து வாங்குகிறார். அதில் என்ன தப்பு?

பிரவீன் நெற்றியைத் துடைத்தான். "மேல கேப்பாங்களேம்மா... என்னன்னு சொல்றது?" என்றான். பிறகு அவனே சிரித்துவிட்டான். "கொழந்தைக்கு சீர் வந்துச்சுன்னு சொல்லிக்கறேன்."

தட்டுக் கணக்குத் தீர்ந்துவிட்டது. செவலை கொட்டகையில் நிற்கிறது. நேற்றுக்கூட அக்கா வீட்டில் தயிர் வாங்கி வந்தோம். டாக்டரம்மா சொன்ன பயிற்சியைத் தவறாமல் செய்கிறாள். கட்டிலில் படுக்கப் போன நேரத்துக்குக் காலை நீட்டி மடக்குகிறாள். முட்டி இன்னும் வலிக்கிறதுதான். ஆனால் அன்றைக்குத் தட்டோடு அந்தப் படி ஏறினாளே, அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்து போகிறாள்.

எனக்கும் ஒரு பாடம். உடம்புக்கு என்று எதையாவது நீட்டினால் இப்போது என்னை நானே கேட்டுக்கொள்கிறேன் — இது என் வலிக்கா, இவர் முகத்துக்கா? முகத்துக்கு என்றால் வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு வேளை சோறு போட்டுவிடலாம். இரண்டு பேருக்குமே நல்லது.

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

தட்டுகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமல்லவா? வெறும் தட்டைத் திருப்பித் தருவது நம் பக்கம் வழக்கமில்லை. இது பிரவீனுக்கும் தெரிந்திருக்கிறது. திணறிப்போய் அறை முழுக்கத் தேடினான். கடைசியில் அலமாரியிலிருந்து கம்பெனியின் வலித் தைலத்தை எடுத்து, ஒவ்வொரு தட்டிலும் ஒரு பாட்டில் வைத்துக் கொடுத்துவிட்டான். என் கையிலும் ஒன்று.

இப்போது அதற்கு என்ன திருப்பிச் செய்வது என்றுதான் எனக்கு ஒரே கவலை.